விளையாட்டுக்குள் ஒரு பூட்டிய அறை

வேங்கிக்காலில் என் தங்கையின் வீட்டு மாடியில் நின்று பார்த்தால் நாற்புறமும் புதிய வீடுகள் தெரியும். 1989ஆம் ஆண்டு வட ஆர்க்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கினார்கள். பின்னர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்தது, ஊரும் வளர்ந்தது. இந்த வீடுகளில் பலவற்றின் மொட்டை மாடியில், தூண்களின் இரும்புக் கம்பிகள் வானை நோக்கி நீண்டு நிற்கின்றன. 'பிள்ளைகள் தலையெடுத்தால் மேலே இன்னொரு மாடி எழுப்பலாம்' என்று விட்டுவைத்த கம்பிகள் அவை. சில வீடுகளில் மாடி எழுந்துவிட்டது. வேறு சில வீடுகளிலோ கம்பிகள் துருவேறிக் காத்திருக்கின்றன.

சென்ற விடுமுறையில் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின் அந்த மாடியில் அமர்ந்திருந்தோம். பன்னிரண்டு வயதான தங்கை மகன், தாயின் பழைய கைபேசியில் கட்டைகளை அடுக்கும் விளையாட்டில் மூழ்கியிருந்தான். திடீரென்று தலை நிமிர்ந்து கேட்டான்:

"மாமா, இந்த விளையாட்டின் பழைய கேசட்டுக்குள் யாருமே ஆடாத ஓர் ஆட்டம் ஒளிந்திருக்கிறதாமே? என் வகுப்புப் பையன் சொன்னான். மெய்தானா?"

"மெய்தான். அதோ, அந்தக் கம்பிகளைப் பார்" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. அவனுக்குச் சொன்னதை வாசக சகோதர சகோதரியருக்கும் சொல்லுகிறேன். ஏனெனில் விளையாட்டில் தொடங்கிய அந்தப் பேச்சு, அன்றிரவே எங்கள் வீட்டுக் காரியமாகிவிட்டது.

ஏழு கட்டைகளின் கதை

'டெட்ரிஸ்' என்ற பெயரை அறியாதவர்களும் அந்த ஆட்டத்தை அறிவார்கள். நான்கு சதுரங்களால் ஆன ஏழு வகைக் கட்டைகள் ஒவ்வொன்றாய் மேலிருந்து விழும். இடைவெளியின்றி ஒரு வரிசையை நிரப்பிவிட்டால் அவ்வரிசை மறைந்துபோகும். 1984ஆம் ஆண்டு மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் என்பவர் இதை உருவாக்கினார். அவரிடமிருந்த 'எலெக்ட்ரோனிகா 60' என்னும் கணினிக்குப் படம் வரையத் தெரியாது. ஆகவே எழுத்துக் குறிகளையே கட்டைகளாக அடுக்கினார். பிறகு வாதிம் கெராசிமோவ் என்ற 16 வயது மாணவர் உள்ளிட்டோர் துணையுடன் அது ஐ.பி.எம். கணினிக்கு வந்து உலகெங்கும் பரவியது.

1990களில் நம் ஊர்களுக்கு அது 'பிரிக் கேம்' என்ற கையடக்கப் பெட்டியாக வந்து சேர்ந்தது. குறுக்கே 10, நெடுக்கே 20 கட்டங்கள் கொண்ட சிறு திரை. பெட்டியின் மேல் '9999 ஆட்டங்கள்' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருந்தவையோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆட்டங்கள்தாம். அவற்றையே வேகத்தையும் நிலையையும் மாற்றி மாற்றி எண்ணிக்கையைப் பெருக்கியிருந்தார்கள்.

வெளியே நிறையச் சொல்லி உள்ளே குறைவாக வைத்திருந்தது அந்தப் பெட்டி. அதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. வெளியே குறைவாகச் சொல்லி உள்ளே நிறைய வைத்திருந்த கேசட்டைப் பற்றித்தான் சிறுவன் கேட்டான்.

எழும்பாத மாடி

1989ஆம் ஆண்டு நின்டெண்டோ நிறுவனம், தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து ஆடும் தன் இயந்திரத்திற்காக டெட்ரிஸ் கேசட் ஒன்றை வெளியிட்டது. அதன் மொத்தக் கொள்ளளவு 48 கிலோபைட். இன்று நாம் கைபேசியில் எடுக்கும் 3 மெகாபைட் புகைப்படம் ஒன்றே அதைப்போல் அறுபது மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அத்தனை சிறிய இடத்தில் ஓர் எழுத்துக்கூட வீணாக இராது என்றுதான் எவரும் எண்ணுவர்.

ஆயினும், பிற்காலத்தில் ஆர்வலர்கள் அந்தக் கேசட்டின் உள்ளடக்கத்தைக் கணினியில் ஏற்றி, இயந்திர மொழியை வரி வரியாகப் படித்தபோது வியப்புக்குரிய ஒன்றைக் கண்டார்கள். ஒருவர் மட்டுமே ஆடத்தக்கதாக விற்கப்பட்ட அந்த ஆட்டத்தில், இருவர் எதிரெதிராக ஆடுவதற்கான கட்டளைகள் பாதி எழுதப்பட்ட நிலையில் கிடந்தன. இரண்டாம் ஆட்டக்காரருக்கென்று தனிக் களம் இருந்தது. ஒருவர் வரிசைகளை நிரப்பினால் எதிரியின் களத்தில் குப்பை வரிசைகள் கீழிருந்து ஏறுவதற்கான கணக்கும் இருந்தது. அந்த அறைக்குச் செல்லும் கதவு மட்டும் பட்டியலில் இடம்பெறவில்லை. மாடி கட்டுவதற்குக் கம்பி விட்டார்கள், மாடி எழும்பவில்லை.

இதில் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்றுண்டு. அதே 1989இல் 'டெங்கென்' என்ற வேறொரு நிறுவனத்தின் டெட்ரிஸ் கேசட்டில் இருவர் சேர்ந்து ஆட வழி இருந்தது. உரிமை வழக்கில் நீதிமன்றம் தடை விதித்ததால் அது சில வாரங்களிலேயே கடைகளிலிருந்து அகன்றது. நின்டெண்டோவின் கேசட்டை வாங்கிய வீடுகளில் அண்ணன் ஆடும்வரை தங்கை காத்திருந்தாள். அவளுடைய முறை வந்ததும் அவன் காத்திருந்தான். இருவரும் ஒருங்கே ஆடும் வழியோ, அரைகுறையாகவேனும், அவர்கள் கண்ணெதிரிலிருந்த அதே கேசட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தது!

அந்தக் கேசட்டில் கிடந்த மீதி இது ஒன்றன்று. எவரும் விசையைத் தொடாமல் விட்டால் ஆட்டம் தானே ஆடிக் காட்டும். அந்த மாதிரி ஆட்டத்தை முதலில் பதிவு செய்யப் பயன்பட்ட கருவியையும் உள்ளேயே விட்டுவிட்டிருந்தார்கள். வீடு கட்டி முடித்த கொத்தனார் கரணையைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டது போலத்தான்.

ஏன் எடுத்து எறியவில்லை?

"வேண்டாததை அழித்துவிட்டு விற்றிருக்கலாமே மாமா?" என்றான் சிறுவன்.

நல்ல கேள்வி. ஒரு புரோகிராம் என்பது பின்னல் துணி போன்றது. எந்த இழை எந்த இழையைத் தாங்கி நிற்கிறது என்பது எழுதியவருக்கே பல நேரங்களில் மறந்துபோகும். வேண்டாத ஒன்றை உருவினால் வேண்டிய ஒன்று குலையலாம். அக்காலக் கேசட்டுகளில் இன்னொரு சங்கடமும் இருந்தது. தொழிற்சாலையில் சில்லில் பதித்துவிட்டால் அதன்பின் ஓர் எழுத்தைக்கூட மாற்ற இயலாது. விற்பனை நாள் நெருங்கும் வேளையில், எடுப்பதிலுள்ள ஆபத்தைவிட விட்டுவைப்பதிலுள்ள ஆபத்து சிறிதென்று தோன்றுவது இயல்புதானே? ஆகவே கதவை மட்டும் சாத்திவிட்டு, அறையை அப்படியே விட்டுவிடுவார்கள்.

வேண்டுமென்றே ஒளித்து வைப்பதும் உண்டு. 1990களில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்கள் விண்டோஸில் கண்ணிவெடிகளைத் தேடும் 'மைன்ஸ்வீப்பர்' ஆட்டத்தை மறந்திருக்கமாட்டார்கள். எக்ஸ், ஒய், இசட், இசட், ஒய் என்ற ஐந்தெழுத்தை அடித்து, ஷிப்ட் விசையோடு என்டரை அழுத்தினால், திரையின் இடப்பக்க மேல் மூலையில் ஒரே ஒரு புள்ளி கறுத்தும் வெளுத்தும் மாறி, அடியில் வெடி இருக்கிறதா இல்லையா என்று காட்டிக்கொடுக்கும். நாம் மணிக்கணக்கில் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்த திரையிலேயே விடையும் இருந்தது!

கோபத்தில் எழுதியது

இதுவரை சொன்னவை எவருக்கும் தீங்கில்லாதவை. எல்லா மீதியும் அப்படியல்ல.

1999ஆம் ஆண்டு 'தி நியூ டெட்ரிஸ்' என்ற ஆட்டம் நின்டெண்டோ 64 இயந்திரத்திற்கு வந்தது. அதன் உள்ளடக்கத்தைத் துருவியவர்கள், ஆட்டத்தோடு சிறிதும் தொடர்பில்லாத நீண்டதொரு கடிதத்தைக் கண்டார்கள். ஆட்டத்தை எழுதிய புரோகிராமர்களில் ஒருவர், தன்னோடு பணியாற்றியவர்களைப் பற்றிய மனக்குறைகளையெல்லாம் அதில் கொட்டியிருந்தார். திரையில் அது ஒருபோதும் தோன்றாது. ஆயினும் விற்பனையான கேசட்டுகளோடு அந்தக் கசப்பும் வீடுவீடாகச் சென்றது. ஒரு நாள் மாலை கோபத்தில் எழுதிய சொற்கள், எழுதியவருடைய கோபம் ஆறிய பின்னும் அழியாமல் நின்றுவிட்டன.

புதிர் விளையாட்டுகளுக்கு வெளியே இதைவிடக் கடுமையான சான்று உண்டு. 2004இல் வெளிவந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' ஆட்டத்தில், குடும்பத்தார் பார்க்கத் தகாத பகுதி ஒன்றைத் தயாரிப்பாளர்கள் கைவிட்டிருந்தார்கள். கைவிட்டார்களே தவிர, தட்டிலிருந்து நீக்கவில்லை. மறு ஆண்டே ஆர்வலர் ஒருவர் அந்தக் கதவைத் திறந்துவிட்டார். 2005 ஜூலையில் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு அந்த ஆட்டத்தை 'வயது வந்தோருக்கு மட்டும்' என்ற பிரிவுக்கு மாற்றியது. பெரிய கடைகள் அதை அலமாரியிலிருந்து இறக்கின. அப்பகுதியை நீக்கிய புதிய பதிப்பை வெளியிட வேண்டியதாயிற்று. 'யாருக்கும் தெரியாது' என்ற நம்பிக்கைக்கு அந்நிறுவனம் கொடுத்த விலை அது.

தங்கையின் மெமரி கார்டு

இவ்வளவையும் சிறுவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்த தங்கையின் கை நின்றுவிட்டது.

"அண்ணே, நாளைக் காலையில் இந்தக் கைபேசியைக் கடையில் கொடுத்துவிட்டு வேறு வாங்கப் போகிறேன். படங்களையெல்லாம் நேற்றே அழித்துவிட்டேன். அவை போயிருக்கும் அல்லவா?"

நான் விடை சொல்லவில்லை. கைபேசியிலிருந்த மெமரி கார்டைக் கழற்றி, என் மடிக்கணினியில் செருகி, அழிந்த கோப்புகளை மீட்கும் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டேன். இஷா நேரம் நெருங்குவதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் திரும்பி வந்துவிட்டன.

தங்கையின் முகம் வெளிறிப்போயிற்று. அவற்றில் அவளுடைய படங்கள் கொஞ்சம்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணின் நிக்காஹ்வின்போது பெண்கள் பகுதியில் எடுத்து, 'உனக்கு மட்டும்' என்று நம்பி அனுப்பிய படங்களே அதிகம். அந்தப் பெண்ணின் அமானிதம், மறுநாள் காலையில் முன்பின் அறியாத ஒருவரின் கடை மேசைக்குப் போக இருந்தது.

நாம் 'அழி' என்று விரலால் தொடும்போது என்ன நடக்கிறது? ஒரு நூலின் பொருளடக்கத்திலிருந்து ஓர் அத்தியாயத்தின் பெயரை அடித்துவிடுவது போன்றதுதான் மெமரி கார்டில் நடப்பது. பக்கங்கள் அப்படியே இருக்கும். 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்ளப்படுமே தவிர, அதே இடத்தில் புதிதாக வேறொன்று எழுதப்படும்வரை பழையது கிடக்கும். டெட்ரிஸ் கேசட்டின் பூட்டிய அறையும் தங்கையின் மெமரி கார்டும் இந்த ஒன்றில் ஒத்தவை: பட்டியலில் இல்லாதது, பெட்டியில் இல்லாததாகிவிடாது.

ஆகவே, பழைய கைபேசியைக் கைமாற்றும் முன் சிலவற்றைத் தவறாமல் செய்யுங்கள். மெமரி கார்டையும் சிம் கார்டையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்; மெமரி கார்டை ஒருபோதும் விற்க வேண்டாம், தேவையில்லையென்றால் உடைத்துப் போடுங்கள். கைபேசியில் திறந்து வைத்திருக்கும் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். அதன்பின் 'பேக்டரி ரீசெட்' செய்யுங்கள். அண்மை ஆண்டுகளில் வெளிவந்த கைபேசிகள் தம்முள் இருப்பதைப் பூட்டுமொழியில் எழுதிவைக்கின்றன. ரீசெட் செய்யும்போது அதன் சாவியே அழிந்துபோவதால், எஞ்சியதை எவரும் படிக்க இயலாது. படங்களை ஒவ்வொன்றாக அழிப்பது போதாது என்பதை நினைவில் வையுங்கள். அழித்த படங்கள் குப்பைப் பெட்டிக்குள் 30 நாட்களோ அதற்கு மேலுமோ கிடப்பதும் உண்டு.

அன்றிரவு இன்னொன்றும் நடந்தது. மீண்டு வந்த படங்களுக்கிடையே, காலமான எங்கள் தாயார் அதே மாடியில் அமர்ந்து பேரனுக்கு மாதுளை உரித்துக் கொடுக்கும் படம் ஒன்று இருந்தது. சிறுவன் முன்பொருநாள் விளையாட்டுக்கு இடம் போதவில்லையென்று அறியாமல் அழித்தது. மூன்றாண்டுகளாகத் தங்கை அதைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் வேறெதுவும் எழுதப்படாமல் இருந்ததால் அது தப்பியது. உங்களுக்கும் அப்படி ஒரு படம் தவறி அழிந்துபோனால், உடனே அந்தக் கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள். புதிய படம் ஒன்றுகூட எடுக்க வேண்டாம். மீட்பதற்கான வாய்ப்பு அதில்தான் இருக்கிறது.

தங்கை அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு அம்மிக்குழவியைக் கொண்டுவந்து, மெமரி கார்டைத் தன் கையாலேயே நொறுக்கினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மறுநாள் நேரில் போய் நடந்ததைச் சொல்லிவிட்டும் வந்தாள்.

சிறுவன் என்னிடம் மெல்லக் கேட்டான்: "மாமா, நன்னியின் படம் அதற்குள் இருந்தது என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியாது" என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் நாம் எல்லோரும் பெட்டிகளைக் கைமாற்றிக்கொண்டிருக்கிறோம்.