காருக்குள் அலறும் மணி: வாயை அடைப்பதா? சத்தத்தைக் குறைப்பதா?

புதுக்கோட்டை,

பெல்ட் போடாவிட்டால் 'டிங் டிங்'. 80 கிலோ மீட்டரைத் தாண்டினால் 'பீப்'. பின்னால் எடுத்தால் 'கீ... கீ...'. இப்போது வரும் கார்களில் உட்கார்ந்திருப்பவர்களை விட மணிதான் அதிகம் பேசுகிறது!

"சும்மா கத்திக்கிட்டே இருந்தா எப்படிய்யா ஓட்டுறது?" என்பது டாக்சி ஸ்டாண்டுகளில் சகஜமாகக் கேட்கும் அலுப்பு. "அதை ஆஃப் பண்ண வழி இல்லையா?" என்பது அடுத்த கேள்வி.

வழி இருக்கிறதா என்பது சின்ன விஷயம். எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது? உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 ஜூலை 1-ந் தேதி முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் இந்த மணிகள் கட்டாயம். டிரைவரோ, பக்கத்து சீட்டுக்காரரோ பெல்ட் போடாவிட்டால் மணி அடிக்க வேண்டும். வேகம் 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டு அடிக்கும். 120-ஐத் தாண்டினால் ஓயாமல் அலறும். பின்னால் எடுக்கும்போது இடைஞ்சல் இருந்தால் அதற்கும் சத்தம் உண்டு.

பெல்ட் இல்லாமல் பிடிபட்டால் ரூ.1,000 அபராதம்.

சின்ன கிளிப், பெரிய ஆபத்து

சட்டம் ஒரு வழியில் போனால் கெட்டிக்காரர்கள் இன்னொரு வழியில் போனார்கள். பெல்ட் மாட்டும் இடத்தில் ஒரு சின்ன கிளிப்பைச் செருகினால் போதும். பெல்ட் போட்டாயிற்று என்று கார் ஏமாந்துவிடும். மணி 'கப்சிப்'!

2022 செப்டம்பர் 4-ந் தேதி டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, மராட்டிய மாநிலம் பால்கர் அருகே கார் விபத்தில் பலியானார். பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை என்று போலீசார் தெரிவித்தனர். நாடே திடுக்கிட்டது. அதன் பிறகுதான் இந்த கிளிப் வியாபாரம் மத்திய அரசின் கண்ணில் உறுத்தியது.

2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், அமேசான், பிளிப்கார்ட் உள்பட 5 ஆன்லைன் கம்பெனிகளுக்கு எதிராக உத்தரவு போட்டது. கிளிப் விற்ற 13,118 விளம்பரங்கள் நீக்கப்பட்டன. கிளிப் போட்டு ஓட்டினால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதிலும் சிக்கல் வரலாம் என்று ஆணையம் எச்சரித்தது.

2021-ம் ஆண்டில் மட்டும் பெல்ட் போடாமல் இந்தியாவில் இறந்தவர்கள் 16,397 பேர். இதில் 8,438 பேர் டிரைவர்கள். மீதி 7,959 பேர் கூட வந்தவர்கள். இது மத்திய அரசின் கணக்கு.

அமெரிக்கா பட்ட பாடு

மணியை ரொம்பவும் இறுக்கினாலும் ஆபத்துதான். இதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே 1974-ம் ஆண்டு மாடல் கார்களில், பெல்ட் போட்டால்தான் என்ஜின் ஸ்டார்ட் ஆகும் என்று வைத்தார்கள். ஜனங்கள் கொதித்தார்கள். வயரைப் பிடுங்கிப் போட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் அந்தத் திட்டத்தையே சட்டம் போட்டு ஒழித்தார்கள். மணியும் 8 விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது என்று ஆயிற்று! பிடியை ரொம்ப இறுக்கியதில் பிடியே நழுவிப் போன கதை இது.

ஐரோப்பா நடு வழியைப் பிடித்தது. 2024 ஜூலை முதல் அங்கே விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் வேகத்தை எச்சரிக்கும் கருவி கட்டாயம். டிரைவர் நினைத்தால் அதை நிறுத்தலாம். ஆனால் அடுத்த முறை வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அது தானாக உயிர் பெற்றுவிடும். ஒரு நாள் கோபத்தில் அமுக்கிய பட்டன், வருஷம் முழுவதும் வாயை அடைக்காது.

கீழ ராஜ வீதியும் விராலிமலையும்

நம் ஊர் மணியில் இன்னொரு கோளாறு. அதற்கு ரோடு தெரியாது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதிக் கூட்டத்தில் ஒருவர் 50-ல் பறந்தாலே ஆபத்து. மணி வாயே திறக்காது. விராலிமலை வழியாகப் போகும் திருச்சி - மதுரை நான்கு வழிச் சாலையில் 81-ல் போனால் கத்தும். ஐரோப்பியக் கருவியோ சாலைப் பலகையையும் வரைபடத்தையும் பார்த்து, அந்தந்த ரோட்டுக்கு உரிய வேகத்தைச் சொல்லும்.

விலை கூடிய கார்களில் காமிரா, ரேடார் வைத்து எச்சரிக்கும் வசதியும் வந்துவிட்டது. முன்னால் வண்டி நெருங்கினால் எச்சரிக்கும். கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கும். ஆனால் கோடே அழிந்துபோன கிராமத்து ரோட்டில் அது எதைப் பார்க்கும்? டவுன் நெரிசலில் குறுக்கே வரும் ஒவ்வொரு ஸ்கூட்டருக்கும் அலறினால் 'புலி வருது, புலி வருது' கதைதான். நிஜப் புலி வரும்போது காது கேட்காது.

ஆகவே இந்த மணிகளை டிரைவர் திருத்திக்கொள்ள விடுவது சலுகை அல்ல. அதுவும் பாதுகாப்புதான். பல கார்களில் சீக்கிரம் எச்சரிப்பதா, தாமதமாக எச்சரிப்பதா என்று மாற்றிக்கொள்ளலாம். புதுக் கார் எடுப்பவர்கள் ஷோரூமிலேயே இதை உட்கார்ந்து கற்றுக்கொண்டு வருவது நல்லது.

லாரிக்கு எப்போது?

2023 டிசம்பர் 30. திருமயம் அருகே நமணசமுத்திரம். விடியுமுன்னே சிமெண்டு லாரி ஒன்று டீக்கடைக்குள் புகுந்தது. டீ குடிக்க நின்ற பக்தர்கள் 5 பேர் பலி. அந்தச் சோகத்தை இந்த மாவட்டம் மறந்திருக்காது.

லாரிகளுக்கும், 8 பேருக்கு மேல் ஏற்றும் பயணிகள் வண்டிகளுக்கும் தானாகப் பிரேக் போடும் கருவி, டிரைவர் கண் அயர்ந்தால் எழுப்பும் கருவி ஆகியவற்றைக் கட்டாயமாக்க 2025 மார்ச்சில் மத்திய அரசு வரைவு விதி வெளியிட்டது. இதில் தூக்க மணியை டிரைவரோ முதலாளியோ நிரந்தரமாக நிறுத்த வழி இருக்கக் கூடாது. அதே சமயம் மணி எழுப்புமே தவிர, தூக்கத்தை ஈடு கட்டாது. ராத்திரி முழுக்க ஓட்டச் சொல்லிவிட்டு மணியை நம்புவது வெறும் கண்துடைப்பு.

எதற்கு எது?

சத்தத்தின் அளவு, எச்சரிக்கும் தூரம், கோடு தாண்டும் மணி: இவை டிரைவர் கையில் இருக்கட்டும். நிறுத்தினாலும் அடுத்த ஸ்டார்ட்டில் திரும்பி வரட்டும். பெல்ட் மணியில் மட்டும் பேரம் வேண்டாம். அதை நிறுத்த ஏற்கெனவே ஒரு நேர் வழி இருக்கிறது. பெல்ட்டைப் போட்டால் மணி தானாக நின்றுவிடும்!