படகின் விலையும் பயணத்தின் விலையும்

கடலே இல்லாத பெங்களூரில், ஆஸ்டின் டவுனிலுள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் படகு பற்றிய ஆலோசனை ஒன்று நடந்தது. 2018ஆம் ஆண்டு, மீன்பிடித் தடைக்காலம். இராமேசுவரத்தில் பழைய இழுவைப் படகு வைத்திருக்கும் என் மைத்துனர் வந்திருந்தார். ஆயிரங்கால் தூண்டிலுடன் ஆழ்கடலில் சூரை பிடிக்கும் பெரிய படகா, கரையோரம் ஓட்டும் சிறிய ஃபைபர் படகா என்பது அவர் கேள்வி. "வங்கியில் இருந்தவர் நீங்கள், சொல்லுங்கள் அத்தான்" என்றார்.

பெரிய படகுக்கு அரசின் ஆதரவு இருந்தது. பாக் நீரிணை ஆழமற்றது, குறுகியது. 1974ஆம் ஆண்டு உடன்பாடு வகுத்த கடல் எல்லையைத் தாண்டுவோர் இலங்கைக் கடற்படையிடம் சிக்குகின்றனர். இழுவைப் படகைக் கைவிட்டு ஆழ்கடலுக்குச் செல்லும் திட்டத்தின் ஒப்புதல் கடிதங்களைப் பிரதமர் 2017 ஜூலை 27 அன்று இராமேசுவரத்தில் வழங்கினார். அப்போது படகின் விலை 80 இலட்சம் ரூபாயாக இருந்தது. மத்திய அரசின் மானியம் 40 இலட்சம், மாநில அரசினது 16 இலட்சம், வங்கிக் கடன் 16 இலட்சம், மீனவர் பங்கு 8 இலட்சம்.

56 இலட்சம் மானியம் எவரையும் ஈர்க்கும். திட்டத்தின் நோக்கமும் நல்லதே. ஆயினும் மானியம் குறைப்பது படகின் விலையை மட்டுமே; படகை ஓட்டும் செலவை அன்று. ஒரே வடிவமுள்ள படகின் நீளம் இரு மடங்கானால் அதன் கொள்ளளவு எட்டு மடங்காகும். டீசல், பனிக்கட்டி, ஆட்கள், பழுதுபார்ப்பு ஆகிய அனைத்தும் அதற்கேற்ப உயரும். இராமேசுவரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்கள் சென்று மறுநாள் கரை திரும்புபவை. ஆழ்கடலிலோ பல நாள்கள் தங்க வேண்டும். அது வேறொரு தொழில். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடனுக்கான வட்டி நிற்பதில்லை.

மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகளை மாற்றுவதாக அறிவிக்கப்பட்ட அத்திட்டம் இலக்கை எட்டவில்லை. மீனவர்களின் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. பயணச் செலவை அறிந்தவர்களின் கணக்கு அது என்பதே என் கருத்து.

ஆகவே மைத்துனரிடம் மூன்று செய்திகளைக் கூறினேன். முதலாவதாக, மிக நல்ல பயணத்தின் வருவாயை வைத்தன்றி, வெறுங்கையோடு திரும்பும் பயணத்தின் செலவை வைத்துக் கணக்கிட வேண்டும். அடுத்து, தடைக்காலத்திற்கேற்பத் தவணைகளை அமைத்துத் தர இயலுமா என வங்கியிடம் முன்னரே கேட்க வேண்டும். இறுதியாக, ஆழ்கடல் தூண்டிலில் தேர்ந்த குமரி மாவட்டத் தூத்தூர் மீனவரோடு ஒருமுறையேனும் தொழிலாளியாகச் சென்று வர வேண்டும்.

அவர் சென்று வந்தார். திரும்பியதும் சிறிய படகையே வாங்கினார். "கடல் பிடித்திருந்தது அத்தான், டீசல் கணக்குத்தான் பிடிக்கவில்லை" என்றார். அவரோடு சென்ற இளைஞர் ஒருவர் அத்தொழிலிலேயே தங்கிவிட்டார். அவருக்குப் பெரிய படகே பொருந்தும். கடையோ, லாரியோ, வீடோ வாங்க நம்மிடம் கடன் கேட்டு வருவோருக்கும் இதுவே பொருந்தும். எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பதற்கு முன், வருவாயற்ற மாதத்தில் எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள்.