குவார்ட்டர் கணக்கும் கல்லீரல் கணக்கும்

மது அருந்துவோரைக் 'குடிகாரர்' என்றும் 'சோஷியல் டிரிங்கர்' என்றும் இரண்டாகப் பிரித்து, கல்லீரல் நோய் முதல் வகையினருக்கே வரும் என்று கருதும் நம்பிக்கை தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காலையில் கை நடுங்கக் கடை திறக்கும்வரை காத்து நிற்பவர் நோயாளி என்றும், சனிக்கிழமை இரவில் நண்பர்களோடோ அலுவலக விருந்திலோ அருந்திவிட்டுத் திங்களன்று ஒழுங்காக வேலைக்குச் செல்பவர் அவ்வகையில் சேரார் என்றும் கொள்வது இதன் சாரம். இப்படியே இருபது ஆண்டுகள் கழிந்தபின், முழு உடல் பரிசோதனையின் ஸ்கேன் அறிக்கையில் 'ஃபேட்டி லிவர்' என்ற சொற்களைக் கண்டு ஒருவருக்கு எழும் அச்சத்தையும், எண்ணெய்ப் பலகாரத்தின் மேல் பழியைப் போட்டு, இதே நம்பிக்கைதான் தணித்துவிடுகிறது. இந்தப் பாகுபாடு நடத்தையையும் மானத்தையும் பற்றியது. கல்லீரலின் வேதியியலில் அதற்கு இடமில்லை.

அங்கே செல்லுபடியாவது கிராம் கணக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையையும் தன்வசம் வைத்திருக்கும் டாஸ்மாக் கடைகளில் 'குவார்ட்டர்' எனப்படும் 180 மில்லி பிராந்தியில் ஆல்கஹாலின் பங்கு 42.8 சதவீதம், அதாவது ஏறத்தாழ 77 மில்லி, எடையில் சொன்னால் சுமார் 61 கிராம் தூய ஆல்கஹால். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ அருந்துவதையே, அது மாதம் ஒருமுறை நேர்ந்தாலும், உலக சுகாதார நிறுவனம் 'மிகைக்குடி' என வரையறுக்கிறது. ஆக, அளவோடு நிறுத்திக்கொண்டதாகப் பெருமைப்படுபவரின் ஒற்றைக் குவார்ட்டரே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. பிரிட்டனின் மருத்துவ ஆலோசகர்கள் 2016-இல் ஒரு வாரத்துக்கு வகுத்த உச்ச அளவு சுமார் 112 கிராம். வெள்ளியும் சனியும் ஒவ்வொரு குவார்ட்டர் என்றால் அதையும் தாண்டிவிடும். 'பீர்தானே' என்பவருக்கும் இக்கணக்கில் சலுகை இல்லை: எட்டு சதவீத ஆல்கஹால் கொண்ட 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டிலில் ஏறக்குறைய 41 கிராம் அடங்கியிருக்கிறது. விலையுயர்ந்த வெளிநாட்டுச் சரக்கின் ஆல்கஹாலும் இதே ஆல்கஹால்தான்.

மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் அளவில்தான் உடலால் ஆல்கஹாலைச் சிதைக்க முடியும் என்பதால், ஒரு குவார்ட்டரைக் கையாள இரவு முழுவதும் வேண்டியிருக்கிறது. இச்சிதைவின் முதற்கட்டத்தில் உருவாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் கல்லீரல் செல்களைத் தாக்குகிறது. அதே வினைகள் கொழுப்பு எரிக்கப்படுவதைத் தடுத்து, அதைச் செல்களுக்குள்ளேயே தேங்கச் செய்கின்றன. இதுவே கொழுப்புக் கல்லீரல். இந்நிலையில் மதுவை நிறுத்தினால் சில வாரங்களிலேயே கொழுப்பு பெரும்பாலும் கரைந்துவிடும். நிறுத்தாதவர்களில் ஒரு பகுதியினருக்கு அழற்சியும், அதன் தழும்பாகிய நார்த்திசுப் பெருக்கமும், இறுதியில் கல்லீரல் முடிச்சு முடிச்சாக இறுகிப்போகும் சிரோசிஸும் தொடர்கின்றன. தொப்பையும் நீரிழிவும் சேர்ந்தால் இந்தப் பாதை இன்னும் விரைவாகக் கடக்கப்படுகிறது.

நீண்டகாலம் மிகுதியாகக் குடிப்பவர்களில் பத்து முதல் இருபது சதவீதத்தினருக்கே சிரோசிஸ் வருகிறது என்பது உண்மை. மரபணுவும் பாலினமும் உடல் எடையும் அதில் பங்கு வகிக்கின்றன. அன்றாடம் குடித்தும் எண்பது வயதுவரை வாழ்ந்த பெரியப்பா ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களிலும் இருப்பதன் காரணம் இதுவே. நாற்பத்தெட்டில் வயிறு வீங்கி இறந்த சித்தப்பாவை மட்டும் எவரும் சான்றுக்கு அழைப்பதில்லை.

'லிவர் டெஸ்ட் நார்மல்' என்ற ஆறுதல் இவற்றினும் ஆபத்தானது. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்பவை செல்கள் சிதையும்போது இரத்தத்தில் கசியும் நொதிகள். அவை அப்போதைய சேதத்தைக் காட்டுமேயன்றி, ஆண்டுக்கணக்கில் படிந்த தழும்பை அளப்பதில்லை. சிரோசிஸ் முற்றியவரிடத்தும் இந்த எண்கள் இயல்பாக இருக்கக்கூடும். மஞ்சள் காமாலை முதல் அறிகுறி என்று காத்திருப்பதும் வீண். பெரும்பாலும் அது கடைசிக் கட்டத்தில்தான் தென்படுகிறது. வயது, மேற்சொன்ன இரு நொதிகள், இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் ஃபிப்-4 என்ற குறியீடும், கல்லீரலின் விறைப்பை ஒலி அதிர்வால் அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் தழும்பு பற்றிய கேள்விக்கு நேராக விடை தேடுபவை. முன்னதற்குத் தேவையான எண்கள் பலருடைய பழைய அறிக்கைகளிலேயே கிடக்கின்றன.

கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்துவிட்டு வார இறுதியைத் தொடர்பவர்களும் உளர். சென்னை ஆய்வாளர்கள் 1988-இல் லான்செட் இதழில் அம்மூலிகை பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு ஹெபடைட்டிஸ் பி வைரஸ் குறித்தது. மதுவால் நேரும் சேதத்தோடு அதற்குத் தொடர்பில்லை, வைரஸ் விஷயத்திலும் பிந்தைய ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை.

இந்நம்பிக்கையைக் காப்பதில் மருத்துவருக்கும் பங்குண்டு. 'எப்போதாவது' என்று நோயாளி சொல்ல, 'சோஷியல் டிரிங்கர்' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு நகரும் வழக்கம் அளவைப் பற்றி எதையும் பதிவு செய்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1980-களில் உருவாக்கிய ஆடிட் வினாப்பட்டியலோ எத்தனை நாளுக்கொருமுறை, ஒரு நாளில் எவ்வளவு என்றே தொடங்குகிறது. பதில் சொல்பவர் தம்மை எவ்வகையினராகக் கருதுகிறார் என்று அது கேட்பதில்லை. பெண்களிடமோ இக்கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை. அதே அளவு மதுவுக்கு ஆண்களைவிடக் கூடுதலான கல்லீரல் சேதத்துக்கு ஆளாகிறவர்கள் அவர்கள்தாம்.