கார்டில் இருப்பது அமானிதம்

மெமரி கார்ட் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை ஜீபி?" நாமும் அதையேதான் யோசித்துக்கொண்டு போயிருப்போம். 128 என்றால் நல்லது, 256 என்றால் அதைவிட நல்லது. அரிசி மூட்டை வாங்குவதுபோல நிறையைப் பார்த்து வாங்கிக்கொண்டு வருகிறோம். என்னைக் கேட்டால் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விடயம். முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. கார்ட் எவ்வளவு வேகமாக எழுதும்? எழுதி முடிந்த பிறகு அது யாருடைய கையில் இருக்கும்?

இரண்டாவது கேள்வி கார்டுக்குச் சம்பந்தமில்லாததுபோலத் தோன்றலாம். எமது சமூகத்தில் அதுதான் பெரிய கேள்வி. ஆனாலும் வேகத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

இல்ல விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டத்தின் கடைசி வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்தால் இன்றைய கெமராக்கள் பல ஒரு செக்கனில் பத்துப் படம்வரை எடுக்கும். 24 மெகாபிக்சல் படமொன்று ஏறத்தாழ 10 எம்பி. அப்படியென்றால் ஒரு செக்கனில் 100 எம்பி வந்து குவிகிறது. கெமரா அதைத் தன் உள்நினைவில் சற்று நேரம் தாங்கிக்கொண்டு கார்டுக்குள் இறக்கும. கார்ட் மெதுவானதாக இருந்தால் உள்நினைவு நிறைந்துவிடும், சிவப்பு விளக்கு மினுங்கும், கெமரா அடுத்த படத்தை எடுக்காது. நாம் காத்து நிற்கும்போது வெற்றிக் கயிறு அறுந்துவிடும். தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாய் சிறிதென்றால் தண்ணீர் மெதுவாகத்தானே போகும்.

கார்டின் முகத்தில் பெரிய எழுத்தில் போடப்பட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் வாசிக்கும் வேகம். அதாவது படங்களைக் கணினிக்கு மாற்றும்போது கிடைக்கும் வேகம். எழுதும் வேகம் அதைவிடக் குறைவாக இருக்கும், பல கார்டுகளில் அதை அச்சிடுவதே இல்லை. ஆகவே மூலையில் உள்ள சின்னக் குறிகளைத்தான் பார்க்க வேண்டும். 'சி' என்ற எழுத்துக்குள் 10 இருந்தால் செக்கனுக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும் என்று உறுதி. 'யு' என்ற எழுத்துக்குள் 3 இருந்தாலோ, 'வி' எழுத்தின் பக்கத்தில் 30 இருந்தாலோ குறைந்தது 30 எம்பி. வி60, வி90 என்றும் இருக்கின்றன. விலையும் அதற்கேற்ப ஏறும். பாடசாலை விழா, குடும்ப நிகழ்ச்சி, ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு சுற்றுலா, இவற்றுக்கு வி30 தாராளமாகப் போதும். நல்ல தரத்தில் 4கே வீடியோ எடுத்தாலும் பெரும்பாலான கெமராக்கள் செக்கனுக்கு 12, 13 எம்பிதான் எழுதும்.

இன்னொன்று. சில விலைகூடிய கார்டுகளின் பின்பக்கத்தில் பொன்னிறத் தொடுகைகள் இரண்டு வரிசையாக இருக்கும். அவை யுஎச்எஸ்-2 வகை, செக்கனுக்கு 312 எம்பிவரை கடத்தக்கூடியவை. கெமராவுக்குள் அந்த இரண்டாவது வரிசைக்கான இணைப்பு இல்லையென்றால் கார்ட் பழைய வேகத்திலேயே வேலை செய்யும், கொடுத்த காசு வீண். அதேபோல வெளிநாட்டிலிருந்து மாமாவோ சாச்சாவோ கொண்டுவந்து அலுமாரியில் கிடக்கும் பழைய கெமராக்கள் பல 32 ஜீபிக்கு மேற்பட்ட கார்டை ஏற்பதில்லை. கெமராவின் கையேட்டைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

இனி அளவு. 64 ஜீபி கார்ட் ஒன்றில் நான் சொன்ன அளவுப் படங்கள் ஆறாயிரம்வரை பிடிக்கும். ஒரு கலியாணத்துக்கு ஆறாயிரம் படம் எதற்கு? வீடியோ எடுப்பவருக்குத்தான் இடம் சீக்கிரம் முடியும். 256 ஜீபி கார்ட் ஒன்றைவிட 64 ஜீபி கார்டுகள் இரண்டு மேல் என்பது என் கருத்து. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது மிஞ்சும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதில் உள்ள ஆபத்து மாத்தளைக்காரர்களுக்குப் புதிதல்ல. நகரிலிருந்து தம்புள்ளை வீதியில் சில நிமிடத் தூரத்தில் அலுவிகாரை இருக்கிறது. வாய்மொழியாக மனனம் செய்து காக்கப்பட்ட திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்குதான் ஓலையில் எழுதப்பட்டது என்பர். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அங்கிருந்த ஏடுகள் அழிந்தன. நூல் அழியவில்லை, பிரதிகள் வேறு இடங்களில் இருந்தன. எமது வரலாற்றிலும் குர்ஆனை நெஞ்சில் சுமந்த பலர் யமாமா யுத்தத்தில் ஷஹீதான பிறகுதான், அதை ஒன்றுதிரட்டி எழுதும் பொறுப்பை அபூபக்கர் (ரழி) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். சின்ன விடயத்துக்குப் பெரிய உதாரணம்தான், ஆனால் பாடம் ஒன்றே. படம் எடுத்த இரவே வேறோர் இடத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

மலிவு விலையில் பெரிய கார்ட் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். போலிக் கார்டுகளின் தந்திரம் எளிது. உள்ளே இருப்பது 8 ஜீபியாக இருக்கும். ஆனால் கெமரா கேட்டால் தான் 256 என்று பொய் சொல்லும்படி அதை மாற்றியமைத்திருப்பார்கள். எட்டு நிறையும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதன் பிறகு எடுத்த படங்களின் பெயர் மட்டும் இருக்கும், படம் இருக்காது. வாங்கிய அன்றே விளிம்புவரை நிரப்பித் திரும்ப வாசித்துப் பார்ப்பதுதான் சோதனை. 'எஃப்3' என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. 64 ஜீபி கார்ட் கணினியில் 59 சொச்சம் என்று காட்டினால் மட்டும் பயப்பட வேண்டாம். நிறுவனங்கள் ஆயிரத்தால் கணக்கிடுகின்றன, கணினி 1024ஆல் கணக்கிடுகிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. எமது கலியாணங்களில் பெண்கள் பகுதிக்குள் ஆண் புகைப்படக்காரர் வருவதை விரும்பாத குடும்பங்கள் அநேகம். பெண்ணொருவரைத் தேடிப் பிடித்து அழைக்கிறோம், வாசலில் ஆள் நிறுத்துகிறோம், போனைக்கூட வெளியே வைக்கச் சொல்கிறோம். எல்லாம் முடிந்த பின் கார்ட் ஒரு சிறிய உறைக்குள் அல்பம் செய்யும் இடத்துக்குப் போகிறது. அங்கே அதைத் திறப்பது யார், எத்தனை கணினியில் பிரதி இருக்கிறது, அடுத்த வாரம் அதே கார்ட் யாருடைய வீட்டுக்குப் போகிறது என்று நான் அறிந்த எந்தக் குடும்பமும் கேட்டதில்லை. பர்தாவைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் இதைப் பேசாமல் இருப்பது எனக்கு விளங்கவில்லை.

"அழித்துவிட்டோம்" என்ற பதில் போதாது. சாதாரணமாக அழித்தாலும் போர்மட் செய்தாலும் படங்கள் பெரும்பாலும் கார்டிலேயே கிடக்கும். புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்தால் பக்கங்கள் போய்விடுமா? இலவசமாகக் கிடைக்கும் 'ஃபோட்டோரெக்' மென்பொருளைக் கொண்டு அவற்றை மீட்டுவிடலாம். தவறுதலாக அழித்தவருக்கு அது ஒரு வரம். கார்டைக் கைமாற்றியவருக்கு அதுவே ஆபத்து. பழுது பார்க்கக் கொடுக்கும் போனுக்குள் இருக்கும் கார்டுக்கும், விற்கும் போனுக்குள் மறந்துவிட்ட கார்டுக்கும் இதே கதைதான்.

ஆகவே கார்டை வீட்டாரே வாங்கிக் கொடுங்கள் என்கிறேன். கலியாணச் செலவில் இரண்டு நல்ல கார்டுகளின் விலை பந்தல் அலங்காரத்தின் ஒரு மூலைக்கும் காணாது. படம் எடுப்பவர் அதில் எடுக்கட்டும், அல்பத்துக்குரிய படங்களை வீட்டிலேயே தெரிவு செய்து அவற்றை மட்டும் கொடுங்கள், கார்ட் உம்மாவின் அலுமாரியில் இருக்கட்டும். கெமராவில் இரண்டு கார்ட் போடும் வசதி இருந்தால் இரண்டும் வீட்டாருடையதாக இருப்பது நல்லது. மீண்டும் பாவிப்பதென்றால் எஸ்டி சங்கத்தின் இலவச போர்மட் மென்பொருளில் மேலெழுதி அழிக்கும் முறையைத் தெரிவு செய்யலாம். நேரம் எடுக்கும், ஆனால் பக்கங்களும் போகும்.

படம் எடுப்பவருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு கெமரா?" என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதில் இதற்குள்தான் இருக்கிறது. பெண்கள் பகுதிக்குப் பெண்தான் வேண்டுமென்றால் அந்தப் பெண் எங்கிருந்து வருவாள்? எங்கள் ஊடகக் கழகத்தில் கெமரா பிடிக்க ஆசைப்படும் தங்கைமார் இருக்கிறார்கள். இந்த வருடப் பரிசளிப்பு விழாவுக்கு முன், பாடசாலைக்கென்றே வி30 கார்டுகள் இரண்டும் ஒரு கார்ட் ரீடரும் வாங்கித் தருவது பழைய மாணவிகளுக்குப் பெரிய செலவாக இராது. அவற்றின் மேல் இலக்கமிட்டு, யார் எப்போது எடுத்துச் சென்றார் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கும் வேலையை நான் பொறுப்பேற்கத் தயார்.