விதின்னு சொல்லாதீங்க

1/ மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதைல 14 கொண்டை ஊசி வளைவு, கல்லட்டியில 36. அங்க அடிபட்டு வர்றவங்களோட சொந்தக்காரங்க ஜி.எச். வாசல்ல சொல்றது: "எல்லாம் விதி டாக்டர்."

விதிதான். தலைவிதி இல்ல, நியூட்டனின் முதல் விதி.

2/ "மலையில வேகமாவா போறோம்?" சரி, 40 கி.மீ.னே வைங்க. மோதின கார் நின்னுடும், பெல்ட் போடாத உங்க உடம்பு நிக்காது. அதே 40ல முன்னால பாயும். ரெண்டு மாடி உயரத்துலருந்து விழுற வேகம் அது.

3/ "குழந்தையை மடியில கெட்டியாப் பிடிச்சுக்குவேன்." 10 கிலோ குழந்தை அந்த நொடியில 100 கிலோவுக்கு மேல இழுக்கும். பாசத்துல குறையில்லம்மா, கையில அவ்வளவு பலம் கிடையாது.

4/ "பின் சீட்டுக்கு எதுக்கு பெல்ட்?" 2022 செப்டம்பர் 4, சைரஸ் மிஸ்திரி. சொகுசு கார், பின் சீட், பெல்ட் இல்லை. பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம், இல்லன்னா 1,000 ரூபாய் அபராதம். சட்டம் இருக்கு, யார் கேக்குறாங்க?

5/ நீலகிரி செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் பாட்டில் தேடுறாங்க, இ-பாஸ் பாக்குறாங்க. நல்லது. அதே கண்ணு பின் சீட்டையும் ஒரு தடவை பாக்கட்டும்.

நீங்க அதுவரை காத்திருக்காதீங்க. எல்லா பெல்ட்டும் மாட்டினப்புறம் வண்டியை எடுங்க.