அந்த ஒரு சொட்டு யாருடைய விரலில் படுகிறது?

தூண்டில் முள்ளில் நூல், இறகு, மயிர் சுற்றிச் செய்கிற போலிப் பூச்சிக்கு 'பிளை' எண்டு பெயர். 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் நுவரெலியா ஓடைகளில் ட்ரவுட் மீனை விட்டபோது, அதைப் பிடிக்க இந்தப் பூச்சியும் கூடவே வந்தது. இன்று எங்கட நாட்டில் பிளையால் மீன் பிடிக்கிற ஆக்கள் குறைவு. ஆனால் பிளை கட்டுகிற ஆக்கள் இருக்கினம். இலங்கை, கென்யா, தாய்லாந்து போன்ற நாடுகளில் கையால் கட்டப்படும் பிளைகள்தான் மேற்கு நாட்டுக் கடைகளில் விற்பனைக்குக் கிடக்கின்றன.

முந்தி பிளையின் உடலுக்குப் பளபளப்பு வேணுமெண்டால் இரண்டு திரவம் கலக்கும் எபொக்சி பூசி, வழியாமல் இருக்கச் சுழற்றிச் சுழற்றிக் காயவைக்க வேணும். இப்போது ஒளியில் இறுகும் ரெசின் வந்துவிட்டது. ஒரு சொட்டு விட்டு ஊதா ரோச் லைற்றைச் சில செக்கன் பிடித்தால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். பல் அடைக்கும்போது டொக்டர் நீல வெளிச்சம் பிடிக்கிறாரே, ஜெல் நகப்பூச்சு போட்டு லாம்புக்குள் விரலை வைக்கினமே, அதே குடும்பம்தான். வேகமும் அழகும் உள்ள பொருள். நாங்கள் அதை வேண்டாம் எண்டு சொல்ல வரவில்லை.

இறுகாத ரெசினில் இருப்பது அக்ரிலேட் சேர்வைகள். திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. பிறகு ஒருநாள் பல் அடைக்கப் போனாலும் அது சிக்கலாகலாம். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2012இல் அக்ரிலேட்டை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' எண்டு அறிவித்தது சும்மா இல்லை.

"அதுதான் இறுகிட்டுதே" எண்டு சொல்லலாம். முழுசாக இறுகுவதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசன் மேற்பரப்பை இறுக விடாது, அதனால்தான் பிசுபிசுக்கிறது. அதை அல்ககோலால் துடைக்கிறோம், துடைத்த துணியைக் கையால் எடுக்கிறோம். தடிப்பாக விட்டால் உள்ளுக்கு வெளிச்சம் போகாது. மெல்லிய நைட்ரைல் கையுறையையும் அக்ரிலேட் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும்.

இன்னொரு விசயம். ஒளிபட்டதும் இறுகலைத் தொடக்கிவைக்கும் 'ரிபிஓ' என்ற இரசாயனத்தை, இனப்பெருக்கத்துக்குக் கேடு என்ற வகைப்படுத்தலால், ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டெம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடைசெய்தது. கைவினை ரெசின்களிலும் அது பாவிக்கப்படுவதுண்டு. நகப்பூச்சைத் தடுக்கும் அந்தச் சட்டம் தூண்டில் ரெசினைத் தொடாது. விரல் ஒண்டுதான், சட்டம் மட்டும் வேற.

ஞாயிற்றுக்கிழமை நாலு பிளை கட்டுகிறவருக்கு இது சின்ன ஆபத்துத்தான். நாள் முழுக்க அதையே வேலையாகச் செய்கிறவருக்கு அப்படியில்லை. எச்சரிக்கை வீடியோக்கள் எல்லாம் முதலாமவரோடுதான் கதைக்கின்றன. வீட்டில் ரெசின் தோடும் கீ-டாக்கும் செய்து விற்கிற எங்கட தங்கச்சிமாரோடும் ஒருவரும் கதைப்பதில்லை.

நாங்கள் கேட்பது பெரிசாக ஒண்டுமில்லை. போத்தலில் என்ன இருக்கு எண்டு தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கோ. தொழிலுக்குப் பாவித்தால், பொருத்தமான கையுறையும் அதை அடிக்கடி மாத்துகிற செலவும் முதலாளியின் பொறுப்பாக இருக்கட்டும். ரோச் லைற் எத்தனை நானோமீற்றர் எண்டு விசாரித்து வாங்குகிற சனம், பிளையைக் கட்டினவரின் கை எப்படியிருக்கு எண்டும் விசாரிக்கப் பழகவேணும்.