பெற்றோரைப் பங்கு போடுவதா?

சென்னையில் பாகப்பிரிவினை இப்போது வீடு, நகையோடு நிற்பதில்லை. அப்பா பெரியவன் வீட்டில். அம்மா சின்னவன் வீட்டில். ஒருவர் வண்ணாரப்பேட்டை, மற்றவர் தாம்பரம்!

"இருக்கிறது ஒரே ரூம். ரெண்டு பேரையும் எங்கே படுக்க வைக்கிறது?" என்று மகன்கள் கேட்கிறார்கள். வாடகை விற்கிற விலையில் அது நியாயமான கேள்விதான்.

ஆனால் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட அப்பா, சமையலுக்கு அம்மா என்று பிரித்துக்கொள்கிறவர்களும் உண்டு. அதற்கு இடநெருக்கடி என்றா பெயர்?

50 வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், "சாப்பிட்டியா?" என்று போனில் விசாரித்துக்கொள்கிறார்கள். அதுவும் பேரன் போனைக் கொடுத்தால்தான்!

பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் மீது, 2007-ம் ஆண்டு சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம். மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். 'பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு வீட்டை எழுதிக் கொடுத்து, பிள்ளை கைவிட்டால் பத்திரத்தையே ரத்து செய்யவும் கேட்கலாம்.

கோர்ட்டு, மனு வரை போவானேன்? பக்கத்துத் தெருவில் சின்ன போர்ஷன் பிடித்து, வாடகையைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்ளட்டும். இனி வீட்டை எழுதி வைக்கப் போகும் பெரியவர்கள், 'எங்கள் இருவரையும் ஒரே வீட்டில் வைத்து' என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லட்டும்.